யானை எதைப் பார்க்கிறது?
காண்கலைகளில் அமைப்பு நெறிகள் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு



ஓர் ஓவிய ஆசிரியரின் நினைவைப் போற்றும் மேடையில் இன்னோர் ஓவிய ஆசிரியனை நிற்க வைத்திருக்கிறீர்கள். இதைவிடப் பெரிய மதிப்பை என் தொழில் எனக்குத் தந்ததில்லை. காண்கலைகளின் அமைப்பு நெறிகளைப் புரிந்துகொள்வது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். அந்த நெறிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன். முதல் சில ஆண்டுகள் தவறாகக் கற்பித்தேன். அந்தத் தவறு எனக்கு விளங்கிய நாளிலிருந்து தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அதற்கு முந்தின வாரம் கரும்பலகையில் ஏழு சொற்களை எழுதிப்போட்டிருந்தேன்: சமநிலை, முதன்மை, லயம், அளவு, முரண், இயக்கம், ஒருமை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விளக்கம். பிள்ளைகள் நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தார்கள். பெரும்பாறைச் சிற்பத்தின் முன் அவர்களை நிறுத்தி, "இதிலே சமநிலை எங்கே இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். அவள் கேட்டது வேறு.

"சார், இந்த யானை ஏன் அந்தச் சந்துப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குது?"

என் ஏழு சொற்களையும் அவள் ஒரே கேள்வியில் தாண்டிப் போய்விட்டாள். அந்தக் கேள்வியின் கையைப் பிடித்துக்கொண்டே இன்றைய உரை முழுவதும் நடக்கப் போகிறேன்.

1. பட்டியல் வந்த வழி

அமைப்பு நெறிகள் என்று பாடநூல்கள் தரும் பட்டியலை வானத்திலிருந்து இறங்கிய சட்டமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அது எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அதன் மேலுள்ள பயம் போய்விடும்.

அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டௌ 1899இல் 'கம்போசிஷன்' என்ற நூலை வெளியிட்டார். பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கும் முறையையே மாற்றிய நூல்களில் ஒன்று அது. அவர் சொன்ன நெறிகள் ஐந்து: கோடுகள் எதிரெதிராகச் சந்திப்பது, ஒன்று இன்னொன்றாக மெல்ல மாறுவது, சிறியவை பெரியதற்கு அடங்கி நிற்பது, ஒன்றே திரும்பத் திரும்ப வருவது, இருபுறமும் ஒத்திருப்பது. இவற்றை அவர் எங்கே கண்டார்? பாஸ்டன் அருங்காட்சியகத்தில் எர்னஸ்ட் ஃபெனலோசா பொறுப்பில் இருந்த ஜப்பானியக் கலைப்பொருள்களுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கண்டார். கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று தாங்கும் முறைக்கு ஜப்பானியர் வைத்திருந்த 'நோட்டன்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1907இல், டென்மன் ராஸ் எழுதிய நூலில் நெறிகள் மூன்றாகச் சுருங்கின: இசைவு, சமநிலை, லயம். இன்றைய பாடநூல்களில் ஏழு என்றும் எட்டு என்றும் பத்து என்றும் பார்க்கிறோம்.

நம் நாட்டிலும் பட்டியல் உண்டு. காமசூத்திரத்துக்கு உரை எழுதிய யசோதரர் ஓவியத்துக்கு ஆறு உறுப்புகள் சொல்கிறார்: உருவ வேறுபாடு, அளவு, பாவம், எழில் கூட்டுதல், ஒப்புமை, வண்ணச் சேர்க்கை. தமிழிலோ வண்ணம் தீட்டாமல் கோட்டில் மட்டும் நிற்கும் சித்திரத்துக்குப் 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடைக் காலத்திலேயே தனிப்பெயர் இருந்திருக்கிறது. கோட்டை நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் இல்லாமல் அந்தப் பெயர் பிறந்திருக்காது.

எண்ணிக்கை ஏன் இப்படி மாறுகிறது? ஒரு நல்ல படைப்பின் முன் நெடுநேரம் நின்றவர்கள் தாங்கள் கண்டதற்கு வைத்த பெயர்கள் இவை. நின்றவர் மாறினால் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும். முதலில் வந்தது பார்வை, பிறகு வந்தது பெயர். பெயரை முதலில் கொடுத்துப் பார்வையைப் பிறகு கேட்டேன் பாருங்கள், அதுதான் என் தவறு.

2. பிளவை நடுவில் வைத்தவர்கள்

இனி அந்தப் பாறைக்குப் போவோம். கிழக்கு நோக்கிய அந்தப் பரப்பு ஏறத்தாழ 96 அடி நீளம், 43 அடி உயரம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணி என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அர்ச்சுனன் தபசு என்பார் ஒரு சாரார். பகீரதன் தவமிருந்து கங்கையை இறக்கிய கதை என்பார் மறு சாரார். அந்த வழக்கு இன்று நமக்கு வேண்டாம். எந்தக் கதையானாலும் அதைக் கல்லில் எப்படி அடுக்கினார்கள் என்பதே நம் கேள்வி.

முதல் நாள் காலை அங்கே வந்து நின்ற சிற்பியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பாறை மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடக்கிறது. கல் வேலை செய்பவருக்குப் பிளவு என்றால் குறை. ஒரு சிலைக்குக் கல் தேடும்போது தட்டிப் பார்த்து, ஓசை மாறினால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுவார்கள். இங்கே வந்தவர்கள் ஒதுக்கவில்லை. பிளவுக்கு ஒரு பக்கமாக மட்டும் செதுக்கித் தப்பித்துக்கொள்ளவும் இல்லை. குறையைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார்கள். அதற்குள் கைகூப்பிய நாக உருவங்களை மேல்நோக்கி ஏற்றினார்கள். உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான தடயங்கள் உண்டு. அங்கிருந்து நீரைத் திறந்துவிட்டால் பிளவு ஆறாகிவிடும்.

முதன்மை என்ற நெறியை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு சான்று இல்லை. ஒன்றை முதன்மையாக்க வேண்டுமென்றால் பெரிதாகப் போடு, பளிச்சென்று நிறம் கொடு என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே முதன்மை பெற்றிருப்பது ஒரு வெற்றிடம். அது எப்படி முடிந்தது? நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் அந்தப் பரப்பில் இருக்கின்றன. தேவர், கந்தருவர், கின்னரர், வேடர், முனிவர், சிங்கம், மான். இடப்பக்கத்தவர் பெரும்பாலும் வலம் நோக்கி வருகிறார்கள், வலப்பக்கத்தவர் இடம் நோக்கி வருகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தை நாடி வரும்போது நம் கண்ணும் கூடவே வருகிறது. தெருவில் பத்துப் பேர் நின்று ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்தால் நாமும் பார்ப்போமே, அதே வித்தைதான். யானை சந்துப் பக்கம் பார்ப்பது இதற்காகத்தான். அந்தப் பெண் தன்னை அறியாமல் தொட்டது முதன்மை என்ற நெறியை.

அடுத்தது சமநிலை. சமநிலை என்றதும் தராசு நினைவுக்கு வருகிறது. இந்தத் தட்டில் ஒன்று, அந்தத் தட்டில் அதே எடையில் இன்னொன்று. ஆனால் நம் சந்தைகளில் வெள்ளிக்கோல் என்று ஒன்று இருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதில் கைப்பிடி நடுவில் இருக்காது. கனத்த பொருள் பிடிக்கு அருகில் தொங்கும், கனம் குறைந்தது தூரத்து முனையில் இருக்கும், கோல் நேராக நிற்கும். மாமல்லபுரத்துச் சமநிலை இந்த வகை. வலப்பக்கம் கீழே உயிரளவு யானைகள், வேலைப்பாடு குறைந்த பெருத்த பரப்பு. இடப்பக்கம் ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, அருகே வரம் தரும் சிவன், அதன் கீழே திருமாலின் சிறு கோயில், முனிவர்கள், விலங்குகள் என்று சிறியவை நெருக்கமாக அடைந்திருக்கும். ஒரு பக்கம் எடையால் நிற்கிறது, மறுபக்கம் எண்ணிக்கையாலும் செய்தியாலும் நிற்கிறது. இத்தனைக்கும் இடப்பக்கத்தின் அடிப்பகுதி செதுக்கி முடிக்கப்படாமல் இருக்கிறது. அப்படியும் பாறை சாயவில்லை.

அன்று பிள்ளைகளிடம் ஒரு வேலை சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, உள்ளங்கையால் பெரிய யானையை மறைத்துப் பார்க்கச் சொன்னேன். வலப்பக்கம் சட்டென்று காலியானது. "சார், எல்லாம் அந்தப் பக்கம் சாயுது" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கத்தினான். சமநிலைக்கு நான் எழுதிப்போட்ட இரண்டு வரி விளக்கம் செய்யாததை ஓர் உள்ளங்கை செய்தது.

பிறகு யானையின் காலடிப் பக்கம் இருக்கும் பூனையைக் காட்டினேன். மேலே தவசி நிற்பது போலவே இந்தப் பூனையும் கைகளைத் தூக்கி நின்று தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூனையை விரலால் மறைத்தால் எதுவும் சாயாது. ஆனாலும் ஓர் இழை அறுந்துபோகும். மேலே தூக்கிய கைகளும் கீழே தூக்கிய கைகளும் ஒன்றுக்கொன்று எதுகை. மேலே பார்த்த கண் கீழே இறங்கும்போது அதே வடிவத்தைச் சந்தித்து, மறுபடி மேலே ஓடுகிறது. டௌ சொன்ன மீள்வரவு என்ற நெறியின் பயன் இதுதான். வந்த வடிவமே திரும்ப வரும்போது பொருள் மாறியிருக்க வேண்டும். உண்மைத் தவத்துக்கு எதிரே பொய்த் தவம். வடிவம் ஒன்றாக இருப்பதால்தான் முரண் இவ்வளவு கூர்மையாகப் படுகிறது.

தவசியின் எலும்பு தெரியும் உடலையும் பக்கத்திலேயே சிவனின் நிறைந்த உடலையும் பாருங்கள். மெலிவை மெலிவாகக் காட்டுவது அருகிலிருக்கும் நிறைவு. அங்கேயே ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. உலகம் திரண்டு வரும் நேரத்தில் தன்பாட்டுக்கு இருக்கும் ஓர் உயிர். அந்த அமைதி இல்லையென்றால் மற்றவர்களின் வேகம் நமக்குத் தெரியாது.

இத்தனையையும் சேர்த்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. எந்த உருவமும் தனியாக அழகில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது, எதிரே என்ன இருக்கிறது, எதை நோக்கி நிற்கிறது என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது. ஏழு நெறிகளும் உறவுகளின் பெயர்கள்.

3. ஓலையை மடிப்பவர்

அளவு என்ற நெறியைச் சொல்ல சுவாமிமலைக்குப் போக வேண்டும். அங்கே செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதி, வேலையைத் தொடங்குமுன் உருவத்தின் உயரத்துக்குத் தென்னோலை ஒன்றை நறுக்கிக்கொள்வார். ஒடியோலை என்பார்கள். அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, தொப்புள், முழங்கால் என்று குறித்துக்கொள்வார். உத்தம தசதாளம் என்னும் உயர்ந்த அளவில் உருவத்தின் உயரம் 124 அங்குலம். இது அடிக்கோலில் வரும் அங்குலம் அல்ல. அந்த உருவத்தின் உயரத்தையே 124 கூறிட்டதில் ஒரு கூறு. சிலை ஒரு முழம் உயரமானாலும் ஆளுயரமானாலும் கூறுகள் அதேதான். முகத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவு மாறாது. விகிதம் என்பதை ஒரு துண்டு ஓலைக்குள் மடித்து வைத்த அறிவு இது.

அளவு இறுகிவிட்டால் உயிர் போகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நடராசரைப் பாருங்கள். அளவு அத்தனையும் ஓலைப்படிதான். ஒரு கால் ஊன்றி, மறுகால் தூக்கி, இடக்கை ஒன்று உடலின் குறுக்கே நீண்டு அந்தத் தூக்கிய பாதத்தைச் சுட்ட, சடை இருபுறமும் விரிய, எல்லாம் அசைகின்றன. முகம் மட்டும் அசையவில்லை. அந்த அசையாத முகமும் சுற்றியுள்ள திருவாசி வட்டமும் சேர்ந்து ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் நடராசரை நேரில் பார்க்காத பிரெஞ்சுச் சிற்பி ரோதான், நிழற்படங்களை வைத்துக்கொண்டே அதன் ஒவ்வோர் உறுப்பையும் வியந்து எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1921இல் அது அச்சில் வந்தது. நம் புராணம் தெரியாத ஒருவரின் கண்ணுக்கு முதலில் எட்டியது அமைப்பு.

கோடு ஒன்றே எவ்வளவு பேசும் என்று அறிய இரண்டு கோயில்களை அடுத்தடுத்துப் பாருங்கள். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் ஓரக்கோடு நேராக ஏறுகிறது. அதைக் கட்டிய அரசரின் மகன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில் அதே ஓரம் உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. தளத்தின் மேல் தளம் குறுகிக்கொண்டே போகும் லயம் இரண்டிலும் உண்டு. ஆனால் ஒன்று நிமிர்ந்து நிற்பதாகவும் மற்றொன்று குழைந்து நிற்பதாகவும் நமக்குப் படுகிறது. வேறுபாடு அந்த ஓரக்கோட்டில் இருக்கிறது.

அருங்காட்சியகமும் கோயிலும் தூரம் என்பவர்கள் சென்னைக் கடற்கரையில் இறங்கி நடக்கலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில் பாறையைப் பெயர்க்கப் போராடும் நான்கு உடல்கள். ஒவ்வொன்றின் சாய்வும் அடுத்ததன் சாய்வோடு சேர்ந்து, செங்குத்தாகவும் இல்லாமல் கிடையாகவும் இல்லாமல், ஒரே சாய்கோடாக ஓடுகிறது. நிற்கும் வெண்கலத்தில் இயக்கம் பிறப்பது அந்தச் சாய்கோட்டால். கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி எழுப்பி 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையில் பீடம் 38 அடி, சிலை 95 அடி, கூட்டினால் 133. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் பீடமாக, பொருளும் இன்பமும் அதன் மேல் நிற்கின்றன. அத்தனை பெரிய கல்லுருவம் இடுப்பில் மெல்ல ஒசிந்து நிற்பதைக் கவனியுங்கள். அந்த ஒசிவு இல்லாவிட்டால் அது தூணாகியிருக்கும்.

4. வாசலில் 169 புள்ளி

இதுவரை சொன்னவை பேரரசர்களும் பெருங்கலைஞர்களும் செய்தவை. இனி என் தாயார் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அதைச் செய்திருப்பார்கள்.

'15 புள்ளி, 8 வரை, இடுக்குப்புள்ளி.' இந்தச் சில சொற்களுக்குள் ஒரு வடிவமைப்பே அடங்கியிருக்கிறது. நடுவில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் இடுக்கில் இடுக்கில் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்தினால், வாசலில் ஆறு பக்கமும் சமமான ஓர் அறுகோணம் விரியும். மொத்தப் புள்ளிகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தேன்: 169. அம்மா ஒருநாளும் 169 என்று எண்ணியதில்லை. 15ஐயும் 8ஐயும் மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரியும்.

அதே புள்ளிகளை நேர்ப்புள்ளியாக வைத்துச் சிக்குக் கோலம் போடும்போது இன்னொரு கட்டுப்பாடு வரும். கம்பி எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது, எந்தப் புள்ளியையும் சுற்றாமல் விடக்கூடாது, தொடங்கிய இடத்தில் வந்து மூட வேண்டும். ஒரு மூலையில் வளைவை மாற்றினால் மற்ற மூலைகளிலும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் கோலத்தின் ஒத்திசைவு குலைந்துவிடும். ஒருமை என்ற நெறியை நான் எத்தனையோ நூல்களில் படித்தேன். ஓரிடத்தில் கை வைத்தால் எல்லா இடத்திலும் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள் என்று வாசலில்தான் விளங்கியது.

இந்தக் கைப்பழக்கத்தில் கணிதம் இருப்பதைக் கண்டு அதற்கு இலக்கணம் எழுதியவர்களும் நம்மூரில் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றிய ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1970களில் கோலங்களைக் கணினியியலின் முறைசார் மொழிக் கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்ந்தார்கள். வாசல் தெளித்துக் குனிந்து புள்ளி வைத்த பெண்களின் கையில் ஓர் இலக்கணம் இருந்ததென்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வுகள் அவை.

மாமல்லபுரத்துச் சிற்பிக்குப் பிளவு, ஸ்தபதிக்கு ஓலை, அம்மாவுக்குப் புள்ளி. மூவரும் தங்களைக் கட்டும் ஒன்றை முதலில் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு வைத்த ஒவ்வொன்றையும் அதோடு உறவாட வைத்தார்கள்.

5. ஒரு வேண்டுகோள்

ஓவிய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பட்டியலைக் கைவிட வேண்டாம். பெயர் தெரிந்தால் ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்ல முடியும். ஆனால் பெயரைக் கடைசியில் கொடுங்கள். முதலில் ஒரு படத்தின் முன் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஏதாவது ஒன்றை விரலால் மறைக்கச் சொல்லுங்கள். என்ன சாய்ந்தது, என்ன அறுந்தது, என்ன மாறவே இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். சொன்ன பிறகு, அவர்கள் கண்டுபிடித்த அந்தப் பொருளுக்கு இது பெயர் என்று கரும்பலகையில் எழுதுங்கள். தான் கண்டுபிடித்ததன் பெயரைப் பிள்ளை மறக்காது.

பள்ளிகளை நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் வேறு பாடத்தை வைத்துவிடுகிறார்கள். அதை ஆண்டுக்கணக்கில் வகுப்பு வாசலில் நின்று பார்த்த மனவருத்தத்தோடு கேட்கிறேன்: அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். எல்லோரும் ஓவியராக வேண்டியதில்லை. வீடு கட்டுபவர், கடைப் பலகை எழுதுபவர், துணியில் கரை வைப்பவர், திருமண அழைப்பிதழ் அச்சிடுபவர், எல்லோருக்கும் எது எதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். அந்த அறிவு குறைந்த ஊரின் தெருக்கள் கண்ணை உறுத்தும்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. "நீயே போய் யானை பக்கத்துல நின்னு பாரும்மா" என்றேன். போனாள். யானை எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து இன்னும் இருவர் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பே அங்கே போய், கழுத்தை நிமிர்த்தி அந்தப் பிளவைப் பார்த்துக்கொண்டு நின்றது. கல்லில் தொடங்கிய கூட்டம் அன்று தரைவரை நீண்டிருந்தது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அந்தச் சிற்பிகள் வகுத்த அமைப்பு, என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதில் ஓர் இடம் வைத்திருந்தது.